சைனிங் ஃபீஸ் வரவில்லையா? கலிஃபோர்னியாவில் புதிதாக நோட்டரி வேலைக்கு வந்தவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் நோட்டரி கமிஷன் (நோட்டரியாக வேலை செய்ய மாநிலம் தரும் அனுமதி) வாங்கி, லோன் சைனிங்கில், அதாவது வீட்டுக் கடன் காகிதங்களில் நேரில் போய்க் கையெழுத்து வாங்கித் தரும் வேலையில், இறங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் உற்சாகமாகத்தான் போகும். ஃபோனில் ஆர்டர் வருகிறது. 150 பக்கத்தை இரண்டு செட் பிரிண்ட் எடுக்கிறோம், ஃப்ரீமான்ட்டிலிருந்து ட்ரேசி வரை ஓட்டிக்கொண்டு போகிறோம், கையெழுத்து வாங்கி ஃபெடெக்ஸில் போட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். மூன்றாம் மாதம் கணக்குப் பார்க்க உட்காரும்போதுதான் உறைக்கிறது. செய்த வேலைக்கும் பேங்கில் விழுந்த பணத்துக்கும் ஒத்துப்போகவில்லை.

தனியாக வேலை செய்கிற நோட்டரிக்கு நிலுவை விழுவது அதிசயமில்லை. ஒரு சைனிங்கின் தொகை சின்னது என்பதால் “125 டாலருக்காக யார் கோர்ட்டுக்குப் போகப் போகிறார்கள்?” என்ற தைரியம் சில கம்பெனிகளுக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பொய்யாக்கப் பெரிய சண்டை தேவையில்லை. தேதி போட்ட காகிதங்களும், சரியான ஆளுக்குப் போகிற கடிதமும் இருந்தால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். நான் வக்கீல் இல்லை. கீழே உள்ளது வேலை செய்கிற இடத்திலிருந்து எழுதிய வழிமுறை. தொகை ஆயிரங்களில் இருந்தால் ஒரு வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், உங்களுக்குக் கடன்பட்டவர் யார்?

கடன் கொடுக்கும் லெண்டர், டைட்டில் அல்லது எஸ்க்ரோ கம்பெனியிடம் (சொத்துப் பத்திரத்தையும் பணத்தையும் நடுவில் நின்று கவனிப்பவர்கள்) வேலையைக் கொடுக்கிறது. அவர்கள் சைனிங் கம்பெனியிடம் தருகிறார்கள். சைனிங் கம்பெனி உங்களைக் கூப்பிடுகிறது. யார் உங்களுக்கு ஆர்டர் கொடுத்து, கட்டணம் பேசினார்களோ அவர்கள்தான் உங்கள் கிளையன்ட். ஸ்னாப்டாக்ஸ் போன்ற, சைனிங் ஆர்டர்கள் வரும் ஆன்லைன் தளம் வழியாக ஆர்டர் வந்தாலும், பொதுவாகப் பணம் தரவேண்டியது அந்தத் தளம் இல்லை, அதன் வழியே ஆர்டர் போட்ட கம்பெனி. கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரருக்கும் உங்கள் பாக்கிக்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கடைசி விஷயத்துக்கு மறுபடி வருவேன், ஏனென்றால் புதியவர்கள் கமிஷனையே இழக்கும் அபாயம் அங்கேதான் இருக்கிறது.

ஆர்டர் எடுக்கும்போதே

ஃபோனில் “125, ஓகேவா?” என்று கேட்பார்கள். ஓகே சொல்லுங்கள். ஃபோனை வைத்த கையோடு ஒரு மெயிலோ டெக்ஸ்டோ அனுப்புங்கள். ஆங்கிலத்தில் நீங்கள் அனுப்பவேண்டியதன் சாரம் இவ்வளவுதான்:

“நாளை மாலை 6 மணி, ட்ரேசி, ரீஃபைனான்ஸ். கட்டணம் 125 டாலர். ஸ்கேன்பேக் (கையெழுத்தான காகிதங்களை ஸ்கேன் செய்து அனுப்புவது) கேட்டால் கூடுதலாக 20. வீட்டு வாசல்வரை போன பிறகு ரத்தானாலோ, அவர்கள் கையெழுத்துப் போட மறுத்தாலோ 60. பணம் வேலை முடிந்த 30 நாளுக்குள்.”

அவர்கள் பதிலே போடாமல், டாக்குமென்ட் ஃபைலை மட்டும் அனுப்பினாலும் பரவாயில்லை. நீங்கள் சொன்ன நிபந்தனையைப் பார்த்த பிறகுதான் வேலையைத் தந்தார்கள் என்று காட்ட அது உதவும். எழுத்தில் இருப்பதற்கு இன்னொரு லாபமும் உண்டு. கலிஃபோர்னியாவில் எழுத்து ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட 4 ஆண்டு அவகாசம். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் 2 ஆண்டுதான்.

கம்பெனியில் சேரும்போது ஒரு வெண்டர் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். படிக்காமல்தான் போட்டிருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான். இப்போதாவது எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை நாளில் பணம் (45, 60 என்று இருக்கலாம், அப்படியென்றால் உங்கள் 30 செல்லாமல் போகலாம்), பிழை நேர்ந்தால் கட்டணத்தைப் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறதா, வழக்கு வந்தால் எந்த ஊர் கோர்ட் என்று எழுதியிருக்கிறார்களா. கூடவே, அவர்களுடைய வாடிக்கையாளரான டைட்டில் கம்பெனியை நீங்கள் நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் அது முக்கியமாகும்.

புதிய கம்பெனி என்றால் மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இலவசம். பதிவு நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா, சட்டக் கடிதங்களைப் பெற்றுக்கொள்ளும் ஏஜென்ட் யார் என்று எல்லாம் அங்கே தெரியும். வரி கட்டாமல் பதிவு நிறுத்தப்பட்ட கம்பெனியின் 100 டாலர் ஆர்டரை விட, வீட்டில் உட்கார்ந்து ஒரு காபி குடிப்பது லாபம்.

வேலை முடிந்த அன்றே

இன்வாய்ஸை அன்று ராத்திரியே அனுப்பிவிடுங்கள். வார இறுதியில் மொத்தமாக அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டால், கெடு எப்போது தொடங்கியது என்பதே தகராறாகிவிடும். இன்வாய்ஸில் எண், ஆர்டர் எண், எஸ்க்ரோ எண், வேலை நடந்த தேதி, தொகை, பணம் தரவேண்டிய கடைசித் தேதி இருக்கட்டும். “30 நாளுக்குள்” என்று போடாமல் தேதியையே போடுங்கள்.

எக்செல்லில் ஒரு ஆர்டருக்கு ஒரு வரிசை போதும். அதில் ஃபெடெக்ஸ் ட்ராக்கிங் எண்ணுக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். பொட்டலம் போய்ச் சேர்ந்து யாரோ வாங்கிக்கொண்டார்கள் என்று ஃபெடெக்ஸ் சொல்வதை மறுப்பது கஷ்டம். ட்ராக்கிங் விவரம் தளத்தில் என்றைக்கும் இருக்காது என்பதால், டெலிவரி ஆன அன்றே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தளம் வழியாக வந்த ஆர்டர் பக்கத்தையும் அப்படியே. கம்பெனியோடு மனஸ்தாபம் வந்த பிறகு அந்தப் பக்கம் உங்களுக்குத் திறக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

நோட்டரி ஜர்னலும் சாட்சிதான். நாள், நேரம், என்ன மாதிரி ஆவணம், யார் கையெழுத்து, நோட்டரி கட்டணம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்கிறது கலிஃபோர்னியா சட்டம். நீங்கள் அன்று அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் பக்கத்தை அப்படியே நகலெடுத்துக் கம்பெனிக்கு அனுப்பாதீர்கள். அதே பக்கத்தில் மற்றவர்களின் கைரேகையும் அடையாள அட்டை எண்ணும் இருக்கும்.

கெடு தாண்டியதும்

மறுநாளே ஒரு மெயில். கோபம் வேண்டாம், வருத்தம் வேண்டாம். “இன்வாய்ஸ் 1042, தொகை 125, நேற்று கெடு முடிந்தது. பணம் எப்போது வரும் என்று தேதி சொல்லுங்கள்.” ஆர்டர் கொடுத்த ஷெட்யூலரிடம் கேட்டுப் பயனில்லை; அவருக்கும் பணத்துக்கும் தொடர்பில்லை. கணக்குப் பிரிவின் மெயில் முகவரியைக் கேட்டு வாங்கி அங்கே அனுப்புங்கள். பத்து நாள் கழித்து இரண்டாவது மெயில், முதல் மெயிலுக்கு மேலேயே. ஃபோனில் யாராவது “வெள்ளிக்கிழமை அனுப்பிடறோம்” என்றால், ஃபோனை வைத்ததும் “வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னதற்கு நன்றி” என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பேச்சும் எழுத்தாகிவிட்டது.

பாக்கி வைத்திருக்கும் கம்பெனி அதே வாரம் இன்னொரு ஆர்டரோடு வரும். வேண்டாம் என்றால் இனிமேல் கூப்பிடமாட்டார்களோ என்ற பயத்தில் புதியவர்கள் அதையும் எடுக்கிறார்கள், அப்புறம் இன்னொன்று. 125 டாலர் பாக்கி 375 ஆவது இப்படித்தான். பழைய பாக்கி வந்த பிறகே புது ஆர்டர் என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னதற்காக உங்களைக் கைவிடுகிற கம்பெனி எந்த விதத்திலும் நஷ்டமில்லை.

அவர்கள் சொல்லும் காரணங்கள்

“லோன் ஃபண்ட் ஆகவில்லை.” அதாவது, கடன் பணம் இன்னும் வெளியாகவில்லை என்கிறார்கள். இதுதான் அதிகம் கேட்பது. குடியிருக்கும் வீட்டை வேறு லெண்டரிடம் ரீஃபைனான்ஸ் செய்கிறவருக்கு, கையெழுத்துப் போட்ட பிறகு மூன்றாவது வேலை நாள் நள்ளிரவு வரை மனதை மாற்றிக்கொள்ள மத்தியச் சட்டம் உரிமை தருகிறது. இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் சேரும். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறையும் சேராது. அவர் ரத்து செய்தால் லோன் போனது, உங்கள் வேலை போகவில்லை. ஃபண்ட் ஆனால்தான் கட்டணம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, இது உங்கள் பிரச்சினை கிடையாது. “நான் ஒப்புக்கொண்டது கையெழுத்து வாங்கித் தருவதற்கு, அதற்கான உறுதி மெயில் இதோ” என்று இணைத்து அனுப்புங்கள்.

“டைட்டில் கம்பெனி எங்களுக்கே இன்னும் தரவில்லை.” இதற்கும் அதே பதில்தான். ஆனால் அக்ரிமென்ட்டில் அப்படி ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

“ஒரு இனிஷியல் விட்டுப்போச்சு, அதனால் கட்டணம் கிடையாது.” இனிஷியல் என்றால் பக்கத்தில் போடும் சுருக்கக் கையெழுத்து. இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிழை உண்மையிலேயே உங்களுடையது என்றால், இலவசமாக மறுபடி போய் வாங்கித் தருகிறேன் என்று எழுத்தில் சொல்லுங்கள். பிழையைத் திருத்த வாய்ப்பே தராமல் மொத்தக் கட்டணத்தையும் பிடிப்பது ஒன்று, திருத்திக் கொடுத்த பிறகும் பணம் தராமல் இருப்பது வேறு. எந்தப் பக்கம், எந்த இடம் என்று கேளுங்கள். பாதி நேரம் பதில் வராது, ஏனென்றால் அப்படி ஒரு பக்கமே இருக்காது.

“செக் அனுப்பிட்டோமே.” செக் எண், தேதி, எந்த முகவரிக்கு என்று கேளுங்கள். பணமாக்கப்பட்டிருந்தால் இரண்டு பக்கத்தின் நகலையும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செக்கை நிறுத்திவிட்டு வேறு செக் அனுப்பச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்யவே கூடாது

கையெழுத்தான டாக்குமென்ட்டைப் பணம் வரும்வரை பிடித்து வைக்காதீர்கள். லோன் தாமதமாகி வட்டி விகிதம் கைவிட்டுப் போனால், 125 டாலருக்காக நீங்கள்தான் ஆயிரக்கணக்கில் பதில் சொல்ல வேண்டிவரும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பணம் கேட்காதீர்கள். “நோட்டரைஸ் செய்ததை ரத்து செய்துவிடுவேன்” என்று எழுதாதீர்கள். முடிந்த நோட்டரைசேஷனைத் திரும்பப் பெறும் அதிகாரம் எந்த நோட்டரிக்கும் கிடையாது, அப்படி மிரட்டிய மெயில் உங்கள் கமிஷனுக்கு எதிரான புகாரில் முதல் இணைப்பாகப் போகும். லோன் டாக்குமென்ட்டின் நகலைச் சாட்சிக்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

“பணம் தராவிட்டால் போலீஸில் புகார் செய்வேன்” என்ற மாதிரி வரிகளும் வேண்டாம். குற்றம் சாட்டுவதாக மிரட்டிப் பணம் கேட்பது கலிஃபோர்னியாவில் மிரட்டிப் பறித்தல் என்ற குற்றத்தில் வரலாம், கடன் உண்மையாகவே இருந்தாலும். “ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போவேன்” என்று, அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்டுக்குப் போவேன் என்று, சொல்வதில் தவறில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டைட்டில் கம்பெனிக்கு ஒரு மெயில்

கெடு தாண்டி ஒரு மாதம் ஆகியும் சைனிங் கம்பெனி அசையவில்லை என்றால், மேலே இருப்பவருக்கு எழுதலாம். மற்ற எல்லா வழியையும்விட இது வேகமானது என்பது என் அபிப்பிராயம். சைனிங் கம்பெனியின் பிழைப்பே டைட்டில் கம்பெனி தரும் ஆர்டரில்தான் இருக்கிறது. பல சமயம் டைட்டில் கம்பெனி உங்கள் வேலைக்கான பணத்தை எப்போதோ கொடுத்து முடித்திருக்கும். அந்தப் பணம் நோட்டரியிடம் போய்ச் சேரவில்லை என்ற செய்தி அவர்களுக்கு ரசிக்காது.

அக்ரிமென்ட்டில் நேரடித் தொடர்புக்குத் தடை இருந்தால் இந்தப் படியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுங்கள். தடை இல்லையென்றால் எஸ்க்ரோ ஆபீசருக்கு, கிளை மேலாளரை நகலில் வைத்து, நான்கு வரி:

“இந்த எஸ்க்ரோ எண்ணுக்கு இந்தத் தேதியில் நான் சைனிங் செய்தேன். டாக்குமென்ட்கள் மறுநாள் உங்களுக்கு வந்து சேர்ந்தன. ட்ராக்கிங் எண் இது. உங்கள் சார்பில் என்னை அமர்த்திய சைனிங் கம்பெனி 74 நாளாகப் பணம் தரவில்லை. இதைத் தீர்க்க அவர்களிடம் நீங்கள் பேச முடிந்தால் உதவியாக இருக்கும்.”

திருடர்கள், ஏமாற்றுக்காரர்கள் என்ற சொல் ஒன்றுகூட வேண்டாம். வீட்டுக்காரர் பெயரும் வேண்டாம், எஸ்க்ரோ எண்ணே போதும்.

டிமாண்ட் லெட்டர்

அசையாதவர்களுக்குக் காகிதக் கடிதம். ஒரு பக்கம் தாண்டக் கூடாது. ஆர்டர் எண்கள், தேதிகள், தொகைகள், மொத்தம், ஏற்கெனவே கேட்ட தேதிகள், பணம் வரவேண்டிய கடைசி நாள் (14 நாள் கொடுங்கள்), வராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் வழக்கு என்ற ஒரு வரி. ஒப்பந்தத்தில் வட்டி பேசாவிட்டாலும் கலிஃபோர்னியாவில் ஆண்டுக்கு 10 சதவீதம் கேட்கலாம். 375 டாலருக்கு அது ஒரு நாளைக்குப் பத்து சென்ட்தான். இருந்தாலும் எழுதுங்கள், கணக்குத் தெரிந்த ஆள் என்பது புரியும்.

தபால் நிலையத்தில் சர்ட்டிஃபைட் மெயிலில், ரிட்டர்ன் ரிசீட்டோடு அனுப்புங்கள். வாங்கியவர் கையெழுத்தோடு திரும்பி வரும் பச்சை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஒரு பிரதி கம்பெனி முகவரிக்கு, இன்னொன்று பிஸ்ஃபைலில் பார்த்த ஏஜென்ட்டுக்கு. கம்பெனிக்குப் போனது குப்பைக்குப் போனாலும், ஏஜென்ட்டுக்குப் போனது முதலாளி மேஜைக்குப் போக வாய்ப்பு அதிகம்.

ஸ்மால் கிளெய்ம்ஸ்

சொந்தப் பெயரில் தொழில் செய்கிற தனிநபர் 12,500 டாலர் வரை இங்கே கேட்கலாம். 2024 ஜனவரியிலிருந்து இதுதான் வரம்பு. நீங்கள் கார்ப்பரேஷனாகவோ எல்.எல்.சி.யாகவோ பதிவு செய்திருந்தால் 6,250. தாக்கல் கட்டணம் 1,500 டாலர் வரையிலான வழக்குக்கு 30 டாலர். ஜெயித்தால் அதையும் சேர்த்துக் கேட்கலாம். விசாரணையில் எந்தப் பக்கமும் வக்கீல் நிற்க முடியாது, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு கவுண்ட்டியிலும் இலவச ஆலோசகர் இருக்கிறார், கூப்பிட்டுக் கேளுங்கள்.

படிவம் எஸ்சி-100. வழக்குக்கு முன் பணத்தைக் கேட்டீர்களா என்று அதிலேயே ஒரு கேள்வி உண்டு. உங்கள் பச்சை அட்டை அங்கே பேசும். கம்பெனிப் பெயரைப் பதிவில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து போடுங்கள். மெயிலின் அடியில் இருக்கும் வியாபாரப் பெயரை மட்டும் போட்டால், தீர்ப்பு வந்த பிறகு வசூலிக்க முடியாமல் தவிப்பீர்கள். நீங்களே ஒரு வியாபாரப் பெயர் வைத்திருந்தால் எஸ்சி-103 படிவமும் வேண்டும்.

வழக்குக் காகிதத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. வழக்கில் சம்பந்தப்படாத, 18 வயதான யாரும் கொடுக்கலாம். விசாரணைக்கு 15 நாள் முன்பு, வேறு கவுண்ட்டி என்றால் 20 நாள் முன்பு, நேரில் கொடுத்திருக்க வேண்டும். காசு கொடுத்து ஒரு பிராசஸ் சர்வரை (வழக்குக் காகிதம் கொடுப்பதையே தொழிலாகச் செய்பவர்) வைத்துவிடுவது நிம்மதி.

சிக்கல் எங்கே என்றால், நிறைய சைனிங் கம்பெனிகள் வேறு மாநிலத்தில் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் பதிவு செய்து இங்கே ஏஜென்ட் வைத்திருந்தால் இங்கேயே போடலாம். இல்லையென்றால் பெரும்பாலும் அவர்கள் மாநிலத்துக்குத்தான் போகவேண்டும். நியூயார்க், இல்லினாய் என்றால் உங்களுக்கு ஒரு கூடுதல் பிடி இருக்கலாம். ஃப்ரீலான்ஸர்களுக்குப் பணம் தராவிட்டால் இரட்டிப்பாகக் கேட்க வழிசெய்யும் சட்டம் 2024 ஜூலையில் இல்லினாயிலும், ஆகஸ்டில் நியூயார்க் மாநிலம் முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தது. பாக்கி வேலையின் தொகை இல்லினாயில் குறைந்தது 500 டாலர், நியூயார்க்கில் குறைந்தது 800 டாலர் இருக்க வேண்டும். 120 நாளுக்குள் அதே கம்பெனிக்குச் செய்த வேலைகளைக் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் வேலை அந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்று இல்லினாயில் தொழிலாளர் துறையிடமும், நியூயார்க்கில் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாரணை சில நிமிடம்தான். மூன்று செட் காகிதம் கொண்டுபோங்கள், ஒவ்வொரு செட்டிலும்: உறுதி மெயில், இன்வாய்ஸ், டெலிவரி ஸ்க்ரீன்ஷாட், நினைவூட்டல்கள், டிமாண்ட் லெட்டர். நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தோற்றால் வழக்குப் போட்டவருக்கு அப்பீல் கிடையாது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

ஜெயித்தால் கோர்ட் உங்களுக்காக வசூலித்துத் தராது. பணம் வராவிட்டால் 40 டாலர் கட்டி ரிட் ஆஃப் எக்ஸிக்யூஷன் (தீர்ப்பை நிறைவேற்றும் கோர்ட் உத்தரவு) வாங்கி, ஷெரிஃப் மூலம் கம்பெனியின் பேங்க் கணக்கில் கைவைக்கலாம். எந்த பேங்க் என்று எப்படித் தெரியும்? முன்பு எப்போதாவது அவர்கள் தந்த செக்கை ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தால், அதிலேயே இருக்கிறது. புதிய கம்பெனியின் முதல் செக்கை டெபாசிட் செய்யும் முன் ஒரு ஃபோட்டோ எடுத்துவிடுங்கள்.

நம்ம ஆட்கள் விஷயம்

நேரடியாக வருகிறவர்களில் நமக்கு அதிகம் கிடைப்பது ஊரில் நிலம், வீடு விற்க அனுப்பும் பவர் ஆஃப் அட்டர்னி. நோட்டரைஸ் செய்து, மாநிலச் செயலாளரிடம் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று) வாங்கி, தமிழ்நாட்டுக்கு அனுப்புவார்கள். “அண்ணா, ராத்திரி ஸெல் (Zelle) பண்ணிடறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். கோயிலில் பார்த்தால் கேட்கக் கூச்சமாக இருக்கும், அவருக்கும் மறந்துபோயிருக்கும்.

இதற்கு மேலே சொன்ன எந்தப் படியும் சரிப்படாது. ஃபோனிலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள்: ஒரு கையெழுத்துக்கு மாநிலம் அனுமதித்த உச்சம் 15 டாலர், வீட்டுக்கு வருவதற்கான பயணக் கட்டணம் தனி, அப்போஸ்டில் வாங்கித் தரச் சொன்னால் அதற்கான செலவு தனி. வந்து உட்கார்ந்ததும் அடையாள அட்டையைக் கேட்கும் அதே மூச்சில் “பேமென்ட் இப்பவே முடிச்சிடலாமா?” என்று கேளுங்கள். பணம் வந்ததாக ஃபோன் காட்டிய பிறகு ஜர்னலைத் திறங்கள். நண்பர் என்றால் கட்டணமே வாங்காமல் செய்யுங்கள், அது உங்கள் விருப்பம். கடனுக்கு மட்டும் செய்யாதீர்கள்.

கடைசியில் வராமலே போன பாக்கியை வரியில் நஷ்டமாகக் காட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பணம் கைக்கு வரும்போது மட்டும் வருமானம் என்று கணக்கு வைக்கிறவர் அதைக் காட்ட முடியாது, அது வருமானத்தில் ஏறவே இல்லையே. ஆனால் அந்த வேலைக்காக ஓட்டிய மைலைக் கழிக்கலாம். 2025-க்கு அது மைலுக்கு 70 சென்ட்டாக இருந்தது. பேப்பரும் டோனரும்கூடச் செலவுக் கணக்கில் சேரும்.